கலிமா சொல்வதற்கு முன்னால் அவள் என்ன படித்தாள்? கதை எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழில் படம், சீரியல், வெப் சீரிஸ் எழுதுகிறவர்களுக்கும், டிஸ்கஷன் அறைகளில் டீ குடித்துக்கொண்டே சீன் சொல்கிற உதவி இயக்குநர்களுக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும் என்றும் சொல்லலாம்தான், ஆனால் உங்கள் படங்களில் யாராவது அதைச் சொன்னால் அடுத்த சீனில் ஏதாவது வெடிக்கிறது என்பதால் வணக்கத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பயப்பட வேண்டாம், இது 'எங்களைத் தீவிரவாதியாகக் காட்டாதீர்கள்' மடல் இல்லை. அதை நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. நீங்களும் அதைக் கேட்டு, பரிகாரமாக ஹீரோவுக்காகக் குண்டடி பட்டுச் சாகிற ஒரு நல்ல பாயைச் சேர்த்துக் கணக்கை நேர் செய்துவிட்டீர்கள். என் புகார் வேறு ஒருவரைப் பற்றியது. உங்கள் கதைகளில் பிறப்பால் முஸ்லிமாக இல்லாமல் இஸ்லாத்துக்கு மாறி வருகிறாரே, அவரைப் பற்றி.

அவர் ஏன் மாறுகிறார்? உங்கள் கதைகளில் எனக்குத் தெரிந்து மூன்றே காரணம்தான். பணம் கொடுத்தார்கள், காதலித்தாள், மூளைச் சலவை செய்தார்கள். இந்த மூன்றில் எதை எடுத்தாலும் மாறுகிறவருடைய மூளைக்கு வேலையே இல்லை. பணம் என்றால் அது வயிறு, காதல் என்றால் மனசு, மூளைச் சலவை என்றால் மூளையே இன்னொருவன் கையில். ஒரு மனுஷி புத்தகம் எடுத்துப் படித்தாள், சந்தேகப்பட்டாள், யாரிடமோ போய்ச் சண்டை போட்டாள், திரும்பி வந்து மறுபடி படித்தாள், அப்புறம் ஒருநாள் சரி என்று முடிவெடுத்தாள் என்பதை ஒரு கதையிலாவது பார்த்துவிட வேண்டும் என்று ரொம்ப வருடமாகக் காத்திருக்கிறேன். கிடைக்கவில்லை, அதனால்தான் இந்த மடல்.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் நடத்துகிறவன், ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. கொஞ்ச நாளைக்கு முன்னால், நண்பருக்கு நண்பர் என்ற முறையில் ஒரு உதவி இயக்குநர் போன் பண்ணினார். நல்ல பையன், மரியாதையாகத்தான் பேசினார். "சார், ஹீரோயின் கன்வெர்ட் ஆகுற சீன் இருக்கு, அப்ப சொல்ற அரபி டயலாக்கை மட்டும் வாய்ஸ் மெசேஜில் அனுப்ப முடியுமா?" என்றார். கலிமாவைத்தான், இஸ்லாத்தை ஏற்கும்போது சொல்கிற உறுதிமொழியைத்தான் கேட்கிறார். அனுப்புகிறேன், ஆனால் அந்தப் பெண் எதனால் மாறுகிறாள் என்று கேட்டேன். "லவ் சார்" என்றார். அதற்கு முன்னால் இஸ்லாம் பற்றி அவளுக்கு என்ன தெரியும் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அது ஸ்கிரிப்டில் இல்லை சார், மாண்டேஜில் போயிடும்" என்றார். மாண்டேஜில் என்ன வரும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்: புறா, தர்கா, சாம்பிராணிப் புகை, கண்ணாடி முன்னால் நின்று துப்பட்டாவைத் தலையில் போட்டுப் பார்க்கிற ஒரு ஷாட். ஒரு மனுஷியின் வாழ்க்கையிலேயே பெரிய முடிவு, பாட்டின் இரண்டாவது சரணத்துக்குள் முடிந்துவிடும்.

நிஜத்தில் கலிமா சொல்கிற நேரம்தான் இருப்பதிலேயே சின்ன நேரம். இரண்டு வாக்கியம். அதற்குப் பூசாரியும் வேண்டாம், சடங்கும் வேண்டாம், ஒரு நிமிடம்கூட ஆகாது. அதற்கு முன்னால் போகிற வருடங்களும் பின்னால் வருகிற வருடங்களும்தான் கதை. நீங்கள் அந்த ஒரு நிமிடத்துக்கு மட்டும் லைட்டிங் செய்கிறீர்கள்.

எங்கள் பள்ளியில் முன்பு கணக்கு எடுத்த ஓர் ஆசிரியை இருந்தார். அவர் மாறினபோது 'யாரோ பாயைப் பிடிச்சிருப்பா' என்றுதான் ஸ்டாஃப் ரூமில் பேச்சு. பாயும் இல்லை, காதலும் இல்லை, அப்போது அவருக்குக் கல்யாண யோசனையே இல்லை. குர்ஆன் தமிழ் மொழிபெயர்ப்புகளை ஒன்றுக்கொன்று ஒப்பிட்டு, ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டு வைத்திருப்பார். கணக்கு டீச்சர் இல்லையா, வாரிசுப் பங்கு வசனங்களில்தான் மாட்டிக்கொண்டார். மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு என்றால் அது எப்படி நியாயம் என்று எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமே போய்க் கேட்டார். ஹஜ்ரத் சொன்ன பதில் அவருக்குத் திருப்தியாக இல்லை, முகத்துக்கு நேராகவே அதைச் சொல்லிவிட்டு வந்தார். அந்தக் கேள்வி தீராமல்தான் அவர் கலிமா சொன்னார். 'எல்லாத்துக்கும் பதில் கிடைச்ச பிறகுதான் நம்பணும்னா நான் எதையுமே நம்ப முடியாது சார்' என்றார் என்னிடம். மாறின பிறகு அம்மா வைத்த பொங்கலைச் சாப்பிடலாமா என்று நாலு பேரிடம் கேட்டிருக்கிறார், ஆளுக்கு ஒரு பதில். கடைசியில் தானாகவே ஒரு முடிவுக்கு வந்து, சாப்பிட்டார். அம்மாவோ ஒரு வருடம் போல மகளிடம் பேசவில்லை, ஆனால் சமைத்து டப்பாவில் போட்டு அனுப்பிக்கொண்டே இருந்தார். இதில் எந்த சீன் உங்களுக்குப் போரடிக்கிறது, சொல்லுங்கள்.

இதெல்லாம் சினிமாவுக்குச் செட் ஆகாது, மனசுக்குள் நடப்பதை எப்படிக் காட்டுவது என்று நீங்கள் சொல்லக்கூடும். நம் மொழியில் இதைக் காட்டி முந்நூறு வருடத்துக்கு மேலாகிறது. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தில் 'உமறு கத்தாபு ஈமான் கொண்ட படலம்' என்றே ஒரு படலம் உண்டு. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் உள்ள காவியத்தில் ஒரு மனிதர் நம்பிக்கை கொள்வதற்காகவே தனியாக ஒரு படலம் ஒதுக்கியிருக்கிறார்கள். நபி வரலாற்றில் சொல்லப்படுகிற அந்தக் கதையை அப்படியே எடுத்துத் திரைக்கதையாக வைத்தாலே போதும். நபிக்கு அப்போது எதிரியாக இருந்த உமர் (படலத்தின் உமறு கத்தாபு இவர்தான்) வாளை எடுத்துக்கொண்டு அவரைக் கொல்லக் கிளம்புகிறார். வழியில் ஒருவர் நிறுத்தி, 'முதலில் உன் வீட்டைப் பார், உன் தங்கையும் மச்சானும் மாறியாகிவிட்டது' என்கிறார். கோபம் தலைக்கேறித் தங்கை வீட்டுக்குப் போகிறார், உள்ளே ஓதுகிற சத்தம் கேட்கிறது, இவர் வரும் அரவம் கேட்டதும் ஓதிக்கொடுத்தவர் ஒளிந்துகொள்கிறார், தங்கை ஏட்டை மறைக்கிறாள். மச்சானை அடிக்கிறார், தடுக்க வந்த தங்கைக்கும் அடி விழுந்து ரத்தம் வருகிறது. ரத்தத்தோடு அவள் ஆமாம், மாறிவிட்டோம், உன்னால் ஆனதைச் செய் என்கிறாள். அந்த ரத்தத்தைப் பார்த்துத்தான் உமர் நிதானத்துக்கு வருகிறார், நீங்கள் படித்ததைக் கொடு பார்க்கலாம் என்கிறார். அப்போதும் அவள் உடனே கொடுக்கவில்லை, முதலில் போய்க் குளித்துவிட்டு வா என்கிறாள். குளித்துவிட்டு வந்து படிக்கிறார். குர்ஆனின் தாஹா அத்தியாயம். படித்த பிறகுதான் மாறுகிறார்.

இன்டர்வல் பிளாக்குக்கு இதைவிட என்ன வேண்டும்? வாள் இருக்கிறது, ரத்தம் இருக்கிறது, அண்ணன் தங்கை சென்டிமென்ட் இருக்கிறது, ஆனால் திருப்பம் நடக்கிற இடம் ஒரு ஆள் உட்கார்ந்து படிக்கிற இடம். நீங்கள் இதை எடுத்திருந்தால் ரத்தத்தோடு கட் பண்ணிவிட்டுப் படிக்கிற இடத்தை மாண்டேஜில் போட்டிருப்பீர்கள்.

இப்போது நம் காலத்துக்கு வருகிறேன். மீனாட்சிபுரம். 1981 பிப்ரவரி 19 அன்று, அப்போது திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த அந்த ஊரில் ஏறக்குறைய 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்கு மாறின. மாறினவர்கள் ஊருக்கு ரஹ்மத் நகர் என்று பெயர் வைத்தார்கள். டெல்லியிலிருந்து தலைவர்கள் பறந்து வந்தார்கள், வாஜ்பாய் வந்தார், பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. எழுதியதில் பெரும்பகுதி ஒரே விஷயம்தான்: வளைகுடாப் பணம். தலைக்கு எவ்வளவு கொடுத்தார்கள், யார் வழியாக வந்தது, பெட்ரோ டாலர் எப்படித் தென்காசிப் பக்கம் வந்து சேர்ந்தது என்று துப்பறியும் கதை மாதிரி எழுதினார்கள். விசாரிக்கப் போன மத்திய அரசின் தாழ்த்தப்பட்டோர் நலத் துறை அதிகாரி, பணத்தாசையோ பலவந்தமோ காரணமில்லை, சாதிக் கொடுமையே காரணம் என்று அறிக்கை கொடுத்தார். அது யாருக்கும் பெரிதாகத் தெரியவில்லை. பணம் கொடுத்து வாங்கினார்கள் என்ற கதையில்தான் தலித் என்றால் யோசிக்கத் தெரியாதவன், யாராவது வந்து அவனுக்காக யோசித்திருக்க வேண்டும் என்ற நினைப்பு கெடாமல் இருக்கும்.

அந்த மக்கள் யோசித்தார்கள். அதுவும் ஒரே ராத்திரியில் இல்லை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் அந்தப் பேச்சு பல வருடங்களாக இருந்தது. ஒரு கொலை வழக்கை ஒட்டிப் போலீஸ் நடத்திய கெடுபிடியில் முடிவு வேகமானது. படித்தவர்கள், வேலையில் இருந்தவர்கள், அவர்களுக்குள் கூட்டம் போட்டுப் பேசினார்கள். எந்த மதத்துக்குப் போனால் டீக்கடையில் நம்மை எப்படிப் பார்ப்பான், சலுகை போகுமே என்ன செய்வது, பிள்ளைகளுக்கு எங்கே பெண் எடுப்பது என்று ஒவ்வொன்றாக எடைபோட்டார்கள். பிறகு திருநெல்வேலியில் இருந்த தென்னிந்திய இஷாஅத்துல் இஸ்லாம் சபையை இவர்களே தேடிப் போனார்கள். சிலர் பின்னால் திரும்பவும் இந்து மதத்துக்கே போனார்கள், அதுவும் கதைதான், அதற்கும் ஒரு யோசனை இருந்திருக்கும். இன இழிவு நீங்க இஸ்லாம் நல்ல மருந்து என்று 1947-லேயே பெரியார் திருச்சியில் பேசியிருக்கிறார், கடவுளே இல்லை என்ற மனிதர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதை வைத்தே நீங்கள் ஒரு முழுப் படம் எழுதலாம். நாற்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது, ரஹ்மத் நகரில் ஒரு வீட்டுக்குள் நடந்த அந்த விவாதத்தை எழுத யாருக்கும் தோன்றவில்லை.

சரி, அது கிராமம், உங்களுக்குத் தெரியாது என்று வைத்துக்கொள்வோம். உங்களோடு ஷூட்டிங்கில் சாப்பிட்ட ஆளை எடுத்துக்கொள்வோம். பேராசிரியர் பெரியார்தாசன். பச்சையப்பன் கல்லூரியில் தத்துவம் நடத்தியவர், பகுத்தறிவு மேடைகளில் கடவுளைக் கிழித்தவர், 'கருத்தம்மா'வில் நடித்தவர். அம்பேத்கரின் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலைத் தமிழாக்கியவர், பௌத்தத்தையும் தழுவியவர், 2010-ல் இஸ்லாத்துக்கு வந்து அப்துல்லா ஆனார், 2013-ல் காலமானார். நாத்திகம், பௌத்தம், இஸ்லாம் என்று மூன்று இடத்திலும் படித்துப் படித்தே நகர்ந்த ஒரு மனிதர். சரியான முடிவா தவறான முடிவா என்பது உங்கள் விருப்பம், அவருடைய பழைய தோழர்கள் பலருக்கு அது தவறுதான். ஆனால் அவரை யாரும் விலை கொடுத்து வாங்கவில்லை, அவர் யாரையும் காதலித்து மாறவில்லை. அவருக்கு முன்னால் அடியார் இருந்தார், திராவிட இயக்க எழுத்தாளர், 'நீரோட்டம்' பத்திரிகை நடத்தியவர். முதலில் இஸ்லாத்தைப் பற்றிப் புத்தகமே எழுதினார், அதற்கும் பிறகு 1987-ல்தான் மாறினார். இந்த மாதிரி ஒரு கேரக்டர் உங்கள் கதைகளில் எங்கே? சிந்திக்கிற ஆள் மாறினால் அவரை எந்தப் பெட்டியில் போடுவது என்று தெரியாமல் விட்டுவிட்டீர்கள் என்றுதான் நினைக்கிறேன்.

யுவன் சங்கர் ராஜா விஷயமும் நினைவிருக்கும். 2014-ல் அவர் இஸ்லாத்தைப் பின்பற்றுகிறார் என்ற செய்தி வரும்போதே மூன்றாவது கல்யாணம் ஆகிவிட்டது என்பதும் ஒட்டிக்கொண்டு வந்தது. கல்யாணச் செய்தி பொய், ஆனால் இஸ்லாத்தைப் பின்பற்றுவது உண்மை என்று அவரே எழுத வேண்டியிருந்தது. மாறினார் என்றால் பின்னால் ஒரு பெண் இருக்க வேண்டும், அந்த சூத்திரத்தைப் பத்திரிகைகள் உங்களிடமிருந்து எடுத்தனவா, நீங்கள் பத்திரிகைகளிடமிருந்து எடுத்தீர்களா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியாத அளவுக்குக் கலந்துவிட்டது.

இது வெறும் கதைதானே என்று விட முடியாது, கோர்ட் வரைக்கும் போகிறது. சேலத்தில் ஹோமியோபதி படித்த கேரளப் பெண் ஹாதியாவின் வழக்கு ஞாபகம் இருக்கிறதா? கூடத் தங்கியிருந்த தோழிகள் தொழுவதைப் பார்த்து ஆர்வம் வந்து, படித்து, மாறினவர். கல்யாணம் பிறகுதான். ஆனால் டிவி விவாதங்களில் வரிசை தலைகீழாகி, காதல் வலை என்றே ஓடியது. 2017 மே மாதம் கேரள உயர் நீதிமன்றம் அந்தக் கல்யாணத்தை ரத்து செய்தது. 24 வயதுப் பெண் பலவீனமானவள், எளிதில் ஏமாற்றப்படக்கூடியவள் என்ற ரீதியில் தீர்ப்பில் எழுதியிருந்தார்கள். ஓட்டுப் போடலாம், வைத்தியம் பார்க்கப் படிக்கலாம், ஆனால் எதை நம்புவது என்று முடிவெடுக்க அறிவு போதாது! அந்த நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் அவர் எதிரிலேயே நிற்க, இவரிடம் பேசலாமா கூடாதா, இவர் சொல்வது இவருடைய பேச்சுதானா என்று வக்கீல்கள் நீண்ட நேரம் வாதாடினார்கள். கடைசியில் கேட்டார்கள், என்ன வேண்டும் என்று. சுதந்திரம் வேண்டும் என்றார். 2018 மார்ச்சில் கல்யாணம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது. எதிரில் நிற்கிற ஆளிடம் நேராகக் கேட்க நீதிமன்றத்துக்கே அவ்வளவு நேரம் பிடித்தது, உங்கள் ஸ்கிரிப்டில் இன்னும் கேட்கவே ஆரம்பிக்கவில்லை.

கேரளத்தை வைத்து 'தி கேரளா ஸ்டோரி' என்று ஒரு இந்திப் படம் வந்ததே, அதன் டீசரில் 32,000 பெண்கள் மதம் மாற்றப்பட்டார்கள் என்றார்கள். எதிர்ப்பு வந்ததும் அந்த எண் மூன்றாகிவிட்டது. 32,000 என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் கிடையாது என்று படத்திலேயே போட ஒப்புக்கொள்ள வைத்தது 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம். அந்த அறிவிப்பு வருவதற்குள் பார்க்க வேண்டியவர்கள் பார்த்து முடித்துவிட்டார்கள் என்பது தனி.

இவ்வளவு சொல்லிவிட்டு மறுபக்கத்தைச் சொல்லாமல் விட்டால் நானும் உங்களை மாதிரிதான். மதமாற்றத்தில் மோசடியே இல்லை என்று சொல்ல வரவில்லை. இருக்கிற மனைவியை விட்டுவிட்டு இரண்டாவது கல்யாணம் பண்ணுவதற்காகவே கலிமா சொன்ன ஆண்கள் உண்டு, அது செல்லாது, இருதாரக் குற்றம் என்று 1995-ல் சரளா முத்கல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. அந்த ஆளையும் எழுதுங்கள், நல்ல வில்லன். பணத்துக்காக மாறினவரையும் எழுதுங்கள், ஆனால் அவரும் கணக்குப் போட்டுத்தான் மாறியிருப்பார், அந்தக் கணக்கைக் காட்டுங்கள். அப்புறம் எங்கள் ஜமாஅத்தையும், அதாவது பள்ளிவாசலைச் சேர்ந்த எங்கள் ஆட்களையும் விடாதீர்கள். மேடையில் 'அல்லாஹு அக்பர்' என்று தக்பீர் சொல்லிக் கட்டிப்பிடிப்போம், ஆனால் மாறி வந்த பையன் பெண் கேட்டு வந்தால் 'நம்ம குடும்பத்துக்குச் சரியா வருமா' என்று இழுப்போம். அந்த இழுப்பில் சாதி இருக்கிறது, எங்களுக்குத் தெரியும். இதை எழுதினால் எங்களில் சிலருக்குக் கோபம் வரும், வரட்டும், நான் உங்கள் பக்கம் நிற்கிறேன்.

எங்கள் ஆட்கள் எழுதுகிற கதைகளும் ஒன்றும் ஒசத்தி இல்லை. அதில் மாறி வருகிறவர் ஒரு பரிசுக் கோப்பை. முதல் பக்கத்தில் கஷ்டம், நடுப் பக்கத்தில் ஒரு நல்ல முஸ்லிம் டாக்டர், கடைசிப் பக்கத்தில் கண்ணீரோடு கலிமா, உடனே வேலை கிடைக்கிறது, கடன் தீர்கிறது, மாமியார்கூட நல்லவளாகிவிடுகிறாள். அங்கேயும் யாரும் சந்தேகப்படுவதில்லை, யாரும் ஹஜ்ரத்தை எதிர்த்துப் பேசுவதில்லை. ஆளுக்கு மூளை இல்லாமல் எழுதுவதில் இரண்டு தரப்பும் ஒற்றுமைதான்.

விவரம் சரியாக இருந்தால் நாடகம் தானாக வரும் என்பதற்கு ஒன்றிரண்டு சொல்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள், ராயல்டி வேண்டாம். இந்துவாக இருந்த ஒருவர் மாறினால் அவருடைய வாரிசுரிமை போகாது, ஆனால் மாறின பிறகு பிறக்கிற பிள்ளைகளுக்கு இந்து உறவினர் சொத்தில் உரிமை கிடையாது, சொத்து பிரிகிற நேரத்தில் அவர்கள் இந்துவாக இருந்தாலொழிய. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டம், 26-ஆம் பிரிவு. மூத்த பிள்ளை மாறுவதற்கு முன்னால் பிறந்தவன், இளையவள் பின்னால் பிறந்தவள், தாத்தா படுத்த படுக்கையில்: படம் ஆரம்பித்துவிட்டதா இல்லையா? தலித்தாக இருந்தவர் மாறினால் 1950 குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதிச் சலுகை மொத்தமும் போய்விடும். சீக்கியத்துக்கும் பௌத்தத்துக்கும் பின்னால் விலக்கு கொடுத்தார்கள், இஸ்லாத்துக்கும் கிறிஸ்தவத்துக்கும் கொடுக்கவில்லை. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007-லிருந்து 3.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது, புதிதாக வந்தவரை அதில் சேர்ப்பதா என்று வருடக்கணக்கில் இழுபறி, 2024 மார்ச்சில்தான் சேர்க்கலாம் என்று அரசாணை வந்தது. ஆதாயத்துக்காக மாறுகிறார்கள் என்று எழுதுவதற்கு முன்னால் மாறுகிறவர் எதை இழக்கிறார் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். காதல் கதை என்றால் இன்னொன்று: 1954 சிறப்புத் திருமணச் சட்டத்தில் யாரும் யாருக்காகவும் மாற வேண்டியதில்லை, முப்பது நாள் நோட்டீஸ் போதும். அது தெரிந்தும் ஒருத்தி மாறுகிறாள் என்றால் ஏன் என்ற கேள்விக்கு நீங்கள் பதில் யோசித்தே ஆக வேண்டும்.

போகிற போக்கில் இதையும் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து அந்த 'நம்பள்கி நிம்பள்கி' தமிழை நிறுத்துங்கள். காயல்பட்டினத்திலும் மேலப்பாளையத்திலும் கம்பத்திலும் அப்படி யாரும் பேசுவதில்லை. எங்கள் வீட்டில் அத்தா, அம்மா. காயல் பக்கம் வாப்பா, உம்மா. எல்லாம் உங்கள் தமிழ்தான்.

எந்தப் படத்தையும் தடை செய்யச் சொல்லி நான் கேட்கவில்லை. 2013-ல் 'விஸ்வரூபம்' படத்துக்கு அப்படிக் கேட்டு, சில நாள் நிறுத்தி வைத்து, கடைசியில் அந்தப் படத்துக்கு நல்ல விளம்பரம்தான் கிடைத்தது. இஸ்லாத்தைப் புகழவும் சொல்லவில்லை. மாறினவள் பத்து வருடம் கழித்து 'தப்புப் பண்ணிட்டேன்' என்று சொல்கிற கதையாக இருந்தாலும் சம்மதம், அவள் யோசித்து அதைச் சொல்லட்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த டிஸ்கஷனில் மதம் மாறுகிற கேரக்டர் வந்தால், எனக்கு போன் பண்ணி அரபி வரியைக் கேட்பதற்கு முன்னால், எழும்பூரில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறுங்கள். காலையில் தென்காசி. அங்கிருந்து ரஹ்மத் நகருக்கு ஆட்டோவிலேயே போய்விடலாம். 1981-ல் இருபது வயதில் இருந்தவர்களுக்கு இப்போது அறுபத்தைந்தாவது இருக்கும். எவ்வளவு கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள், அதை ஏற்கனவே நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். அந்த முடிவை எடுப்பதற்கு முன்னால் உங்கள் வீட்டில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் படங்களை முதல் நாளே டிக்கெட் எடுத்துப் பார்க்கிற ஒரு தமிழாசிரியர்